கவனமின்மையும் தண்டனையும்

"அறியாமற் செய்துவிட்டேன்" என்பது மனிதன் தன் பிழைகளுக்குக் கூறும் சமாதானங்களுள் மிகப் பழையது. வேண்டுமென்று செய்யாத செயலுக்காக ஒருவனைப் பழித்தல் முறையாகுமா? முறையெனின், அவனைத் தண்டிக்கும் அளவு யாது? ஒழுக்கவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினாக்கள் இன்று நம் வீதிகளில் நாள்தோறும் எழுகின்றன. வாகனத்தைச் செலுத்திக்கொண்டே கையடக்கத் தொலைபேசியை நோக்கும் சாரதி எவரையும் கொல்ல விரும்புபவனல்லன். ஆயினும் அவனுடைய வாகனத்தின் சில்லுக்கு இரையாகுவோர் உளர்.

சென்ற விடுமுறை முடிந்து யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குத் திரும்புகையில், பஸ் வண்டியின் முன்னாசனத்தில் இருந்தேன். சாரதி ஒரு கையாற் சுக்கானைப் பிடித்தபடி, மறு கையிலிருந்த தொலைபேசிக்கு வந்த செய்தியொன்றை வாசித்தார். வீதியோரமாகச் சைக்கிளிற் சென்ற முதியவர் ஒருவர் மண்ணில் இறங்கித் தப்பினார். பஸ்ஸில் இருந்த எவரும் வாய்திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதே எமது மௌனத்துக்குக் காரணம். உண்மையில் ஒன்றும் நடக்கவில்லையா என்ற கேள்வி அன்று முதல் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

முதலாவதாக, கவனமின்மை ஒழுக்கக் குற்றமாகுமா எனப் பார்ப்போம். எண்ணமே செயலின் தன்மையை நிர்ணயிக்கும் என்போர், எண்ணமற்ற செயலுக்குப் பழியில்லை என வாதிப்பர். இவ்வாதத்துக்கு அரிஸ்டோட்டில் தம் 'நிக்கோமாக்கிய ஒழுக்கவியல்' என்ற நூலிலே விடை கூறியுள்ளார். மது வெறியிற் குற்றமிழைத்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதிக்கும் வழக்கை எடுத்துக்காட்டும் அவர், குடியாதிருத்தல் அவன் வசத்தில் இருந்தது என்பதே அதற்குக் காரணம் என்கிறார். கவனமின்றித் தவறியவர்க்கும் இந்நியாயம் பொருந்தும். கவனமாயிருத்தல் அவர்கள் வசத்ததேயாகும்.

ஆகவே இருவகைக் கவனமின்மைகளை நாம் வேறுபடுத்தல் வேண்டும். கண்ணிற் பூச்சி விழுந்தமையாற் கணநேரம் தடுமாறும் சாரதி ஒருவகை. தொலைபேசியைத் தானே கையில் எடுத்து வாசிப்பவன் மற்றொரு வகை. இரண்டாமவன் விபத்தை விரும்பவில்லை எனினும், கண்ணை வீதியிலிருந்து எடுப்பதை விரும்பியே செய்கின்றான். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் மூன்று செக்கனில் 50 மீற்றர் தூரம் ஓடிவிடும். அந்த 50 மீற்றரையும் அவன் குருடனாகவே கடக்கின்றான். அக்குருடு அவன் தானே தேர்ந்துகொண்டதாகும்.

இனி, இதனினும் கடினமான வினா ஒன்றுண்டு. ஒரே வீதியில், ஒரே வேகத்தில், ஒரேயளவு நேரம் தொலைபேசியை நோக்கிய சாரதிகள் இருவரைக் கற்பனை செய்வோம். ஒருவன் முன்னே ஒரு குழந்தை ஓடிவந்தது. மற்றவன் முன்னே எவரும் வரவில்லை. முன்னவன் மீது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு பாயலாம். ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பின்னவன் பொலிசாரின் கண்ணிற் பட்டால் தண்டப்பணம் செலுத்துவான். படாவிட்டால் வீடு சென்று உறங்குவான். பிரித்தானியாவிலோ இவ்விடைவெளி மேலும் பெரிது. அங்கு 2017 முதல் வாகனமோட்டுகையிற் கைத்தொலைபேசியைப் பயன்படுத்துவோருக்கு 200 பவுண் தண்டமும் அனுமதிப்பத்திரத்தில் ஆறு குற்றப்புள்ளிகளும் விதிக்கப்படுகின்றன. அபாயகரமாக வாகனமோட்டி மரணம் விளைவிப்போருக்கான உச்சத் தண்டனையோ 2022 இல் 14 ஆண்டுச் சிறையிலிருந்து ஆயுட்சிறையாக உயர்த்தப்பட்டது.

இருவர் நெஞ்சமும் ஒன்றாயிருக்க, தற்செயல் ஒன்றினால் ஒருவன் கொடியவனாகவும் மற்றவன் நல்லவனாகவும் கணிக்கப்படுவது எங்ஙனம்? 1976 இல் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் என்னும் மெய்யியலாளர் இருவரும் இதனையே 'ஒழுக்க அதிர்ஷ்டம்' எனப் பெயரிட்டு ஆராய்ந்தனர். நேகல் காட்டிய உதாரணங்களுள் ஒன்று, குழந்தையொன்றை மோதிவிட்ட லொறிச் சாரதியினுடையதாகும். பழி இருவர்க்கும் சமமே என்பது என் கருத்து. ஆனால் கடன் சமமன்று. உயிர் போக்கியவன் அக்குடும்பத்துக்கு ஒரு கடன் பட்டுள்ளான். மற்றவன் அவ்வாறு படவில்லை. நம் சட்டங்கள் பெரும்பாலும் இக்கடனையே நோக்குகின்றன; பழியை நோக்குவது குறைவு.

அங்ஙனமாயின், குற்றத்துக்குரிய தண்டத்தை வானளாவ உயர்த்திவிட்டாற் போதுமா? 2016 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், பாரதூரமான சில போக்குவரத்துக் குற்றங்களுக்கு ஆகக்குறைந்த தண்டமாக 25,000 ரூபாவைப் பிரேரித்தது. அதனை எதிர்த்துத் தனியார் பஸ் சங்கங்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கின. அவ்வெதிர்ப்பிற் சுயநலம் இருந்தது. ஆயினும் நியாயத்தின் ஒரு கூறும் அதிலே இருந்தது. ஒரே தொகை, சொகுசுக் காருடையவனுக்கு ஒரு மாலை விருந்தின் செலவு. முச்சக்கர வண்டிச் சாரதிக்கோ ஒரு மாதத்து அடுப்பு. பின்லாந்து 1921 முதல் வருமானத்துக்கேற்ப அளவிடப்படும் தண்டமுறையைக் கைக்கொண்டு வருகின்றது. சமமான வலியே சமமான தண்டனை என்ற உணர்வு அதிற் காணப்படுகின்றது.

அன்றியும், தண்டனையின் கொடுமையை விட அதன் நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என 1764 இலேயே இத்தாலியரான பெக்காரியா எழுதினார். நூறு முறை தப்பி ஒருமுறை அகப்படுபவன், அவ்வொருமுறையைத் தன் தீவினை என்றே கருதுவான். தன் குற்றமென்று கருதான். தண்டம் பெரிதாகப் பெரிதாக, அதனை வீதியோரத்திலேயே இரகசியமாகத் தீர்த்துக்கொள்ளும் ஆசையும் பெரிதாகும்.

இவ்விடத்தில் எல்லாளனைப் பற்றி மகாவம்சத்தின் இருபத்தோராம் அத்தியாயம் கூறும் இரு சம்பவங்களை ஒருங்கே நோக்குதல் பயன் தரும். அவன் மகன் திசா வாவிக்குத் தேரிற் செல்கையில், வழியிற் படுத்திருந்த கன்றின் கழுத்தில் தேர்ச்சில்லு ஏறியது. தாய்ப்பசு மணியை அசைத்தது. அதே சில்லினால் மகனின் தலையை அரசன் துண்டித்தான். மனுநீதிச் சோழன் கதையாகவும் நாம் இதனை அறிவோம். மற்றைய சம்பவம் அத்துணை பேசப்படுவதில்லை. எல்லாளனின் தேர் நுகம் ஒருமுறை தூபியொன்றிற் பட்டு, பதினைந்து கற்கள் பெயர்ந்தன. அவன் வேண்டுமென்று செய்ததன்று. எனினும் தேரினின்று இறங்கி வீதியிற் கிடந்து, தன் தலையையும் சில்லினாற் கொய்யுமாறு பணித்தான். அமைச்சர்களோ தூபியைத் திருத்துமாறு வேண்டினர். பதினைந்து கற்களுக்கும் பதினையாயிரம் கஹாபணம் செலவிட்டு அவன் அதனைச் சீர்செய்தான்.

முதற் கதையில் நாம் போற்றுவது அரசனின் நடுநிலைமையையேயாம். மகன் இறந்தமையாற் கன்று எழுந்து நடக்கவில்லை. இரண்டாவது கதையிலோ, "அறியாமற் செய்தேன்" என்ற சமாதானத்தை அவன் நாடவில்லை. அதே வேளை, ஓர் உயிரிழப்பினால் எதனையும் நிறைவு செய்யவும் இல்லை. பொறுப்பேற்றான், இழப்பைச் சீர்செய்தான். நம் வீதிச் சட்டங்களும் இவ்வழியே செல்லலாம். விபத்து நேருமுன்னரே, தொலைபேசியைக் கையிலெடுத்த ஒவ்வொருவனுக்கும் தவறாது கிடைக்கும் அளவான தண்டனையும் அனுமதிப்பத்திர இடைநிறுத்தமும் வேண்டும். சாரதியை நேரத்தோடு போட்டியிட வைத்து வசூலைப் பெறும் உரிமையாளனும் அப்பொறுப்பிற் பங்கேற்றல் வேண்டும். விபத்து நேர்ந்தபின், இழந்த குடும்பத்தைத் தாங்கும் கடமை தண்டனையின் முதற் பகுதியாதல் வேண்டும்.

திருவள்ளுவர் 'பொச்சாவாமை' என ஓர் அதிகாரத்தையே அரசியலுள் வைத்தார். மறதி பிறர் வாழ்வைத் தொடும் இடத்தில் அது தனியொருவனின் குறையாக நின்றுவிடாது என்பதை அவ்வைப்புமுறை நமக்கு உணர்த்துகின்றது. அவ்வகையில், அன்று முன்னாசனத்தில் இருந்த என் மௌனமும் இக்கணக்கிற் சேரும். அந்தச் சாரதி தொலைபேசியைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீதியைப் பார்த்தவர் மண்ணில் இறங்கிய அம்முதியவர் ஒருவரே. "அண்ணை, அதை வைத்துவிட்டு ஓட்டுங்கள்" என்று சொல்ல எந்தச் சட்டமும் தேவைப்பட்டிருக்காது. அடுத்த பயணத்தில் அதனைச் சொல்வேன் என்பதே இக்கட்டுரையால் நான் பெற்ற முடிவு.