பெரியண்ணன் கேட்காத கேள்வி

அண்டை நாடுகளுக்கு நடுவே இந்தியாவின் இடத்தைச் சொல்ல நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: பெரியண்ணன். மெச்சுகிறவர்களும் ஏசுகிறவர்களும் அதையே சொல்கிறார்கள். அந்தச் சொல்லை வீட்டுக்குள்ளிருந்து அறிந்தவர்கள் பெண்கள். அண்ணன் சோறு போடுவார், சீர் செய்வார், தங்கைக்காக ஊரோடு சண்டைக்கும் போவார். அவளை எங்கே கட்டிக்கொடுப்பது என்பதை மட்டும் அவளிடம் கேட்கமாட்டார்.

1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் அப்படித்தான் எழுதப்பட்டது. இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக்கப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேர். பத்தாண்டு கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 எனப் பங்கு போட்டார்கள். அப்போது மேசையின் இரு பக்கமும் பெண்களே இருந்தார்கள்: இந்திரா காந்தி, சிறிமாவோ பண்டாரநாயக்க. தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண்ணை அவர்களும் கேட்கவில்லை. அதிகாரத்தில் ஒரு பெண் இருப்பதும், பெண்களைக் கேட்டு முடிவெடுப்பதும் வேறு வேறு.

1983க்குப் பிறகு இந்தியா ஈழத்து இளைஞர்களுக்கு ஆயுதப் பயிற்சி தந்தது. 1987இல் கொழும்போடு ஒப்பந்தம் செய்து படையை அனுப்பியது. 1990இல் அந்தப் படை திரும்பியது. அந்த ஆண்டுகளில் கடல் கடந்து வந்தவர்களின் குடும்பங்கள் திண்டுக்கல்லை ஒட்டிய தோட்டனூத்தில் இன்றும் இருக்கின்றன. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அங்கே 321 வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. அது நல்ல காரியம். ஒழுகும் கூரைக்குக் கீழே குழந்தை வளர்த்த பெண்ணுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் வீடு கிடைத்தவர்களுக்கு நாடு கிடைக்கவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன, இலங்கை இல்லை. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தையின் தாய் சட்டவிரோதக் குடியேறி எனக் கருதப்பட்டால், தந்தை இந்தியராக இருந்தாலும் அதற்குப் பிறப்புரிமை இல்லை. உதவித்தொகையிலும் ஒரு படிநிலை உண்டு: 2021 அறிவிப்பின்படி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய்.

"அடைக்கலம் கொடுத்ததே பெரிதில்லையா?" என்று கேட்பார்கள். வழிப்போக்கர் ஒருவர் தண்ணீர் கொடுத்தால் அது கருணை, நன்றி சொல்லலாம். முடிவெடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் கொடுத்தால் அது கடனைத் திருப்பித் தருவது. இந்தியா இந்தக் கதையில் வழிப்போக்கர் அல்ல. ஆள்களைப் பங்கு பிரித்தது, ஆயுதம் தந்தது, படை அனுப்பியது. அதன் விளைவுகளில் ஒரு பகுதி இன்று தோட்டனூத்தில் குடியிருக்கிறது. கடனைக் கருணை என்று அழைத்தால், வாங்குகிறவர் காலமெல்லாம் தலைகுனிந்து நிற்க வேண்டியதாகிவிடும். "உன்னை வைத்துக் காப்பாற்றுகிறேனே" என்ற பேச்சைக் கேட்டு வாழ்ந்த மனைவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எல்லாருக்கும் குடியுரிமையைத் திணிப்பதும் தீர்வாகாது. அதுவும் அண்ணன் எடுக்கும் முடிவுதான். திரும்பிப் போக நினைக்கிறவர் இருக்கலாம். இங்கேயே பிறந்து, இங்கேயே பிள்ளை பெற்று, வேறு ஊர் அறியாதவரும் இருக்கலாம். ஒரே வீட்டில் தாய்க்கு ஒரு விருப்பம், மகளுக்கு இன்னொன்று என்றும் இருக்கலாம். அதனால் குடும்பத் தலைவரை மட்டும் கேட்டால் போதாது. ஒவ்வொருத்தியையும் தனியாகக் கேட்க வேண்டும்: நீ எங்கே வாழ விரும்புகிறாய்? அவள் சொல்லும் பதிலுக்குச் சட்டத்தில் இடம் இருக்க வேண்டும்.