துருவும் வாய்மையும்

1947-இல் பம்பாயில் உறுப்புகளை இணைத்து உருவாக்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்புகளுள் சில இன்றும் நம்மிடையே உலவுகின்றன. சக்கரம் வீசும் சேறு பின்புறத் தகட்டின் மடிப்புகளில் தங்கித் துருவை வளர்க்கிறது. பட்டறைக்காரர் நல்ல இரும்பு தென்படும்வரை அதனை வெட்டியெறிந்து, புதுத் தகட்டைப் பற்றவைக்கிறார். இனி அது பழைய ஜீப்தானா?

தீசியசின் கப்பலில் உளுத்த பலகைகளை ஏதென்சு நகரத்தார் மாற்றிவந்தனர். அது அதே கப்பலா என்பதில் மெய்யறிவாளர் இருவேறு கட்சியாயினர் என்கிறார் புளூட்டார்க்கு. நாம் வேறொன்று வினவுவோம். துருவின்மேல் பட்டி பூசி, வண்ணம் தீட்டி, “அன்றைய தகடே” என்று விற்பவனிடம் பழைய இரும்பு உண்டு, வாய்மை இல்லை. மாற்றியதை உரைப்பவனுக்கு விலை குறையலாம். நம்பி வாங்கியவனை அவன் வஞ்சிக்கவில்லை.

மாற்றுதல் குற்றமன்று, மறைத்தலே குற்றம். மரபைப் போற்றும் நாமும் எதை வெட்டினோம், எதை ஒட்டினோம் என்பதை மறையாதிருப்போமாக!