மூடிய சுரூபங்கள்

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று சில கோவில்களுக்குள் நுழைந்தால் ஊதாத் துணியே முதலில் கண்ணிற்படும். பாடுபட்ட சுரூபமும் பக்கப் பீடங்களின் மாதாவும் சூசையப்பரும் துணிக்குள் மறைந்து நிற்பர். ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்க வேண்டிய நாள்களில் சிலுவையையே மறைப்பானேன்? நாமும் இவ்வாறு கேட்டதுண்டு.

1970-க்கு முந்தைய வழிபாட்டில் அன்று வாசிக்கப்பட்ட யோவான் நற்செய்திப் பகுதி, கல்லெறிய முனைந்தோரிடமிருந்து இயேசு மறைந்து கோவிலை விட்டு வெளியேறியதோடு முடியும். ஆண்டவர் மறைந்தார்; சுரூபமும் மறைந்தது. இன்றைய திருப்பலி நூல் இதைக் கட்டாயமாக்காமல் ஆயர் பேரவையின் முடிவுக்கு விடுகிறது. மூடினால் சிலுவை புனித வெள்ளி வழிபாடு வரையிலும், ஏனைய சுரூபங்கள் பாஸ்கா திருவிழிப்பு தொடங்கும் வரையிலும் மூடியிருக்கும்.

இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலம் முழுவதும் பீடமே திரைக்குப் பின் மறைந்தது. செருமானியர் அத்திரையைப் 'பசித்துணி' என்றனர். வயிற்றோடு கண்ணும் நோன்பிருந்தது. ஆஸ்திரியாவின் குர்க் பேராலயத்தில் 1458-ஆம் ஆண்டின் துணி இன்றும் உள்ளது. அதில் 99 விவிலியக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. பார்க்க வேண்டாமென்று தொங்கவிட்ட துணியிலேயே படம் எழுதிவிட்டான் மனிதன்! நமக்குச் சிரிப்பும் வருகிறது, இரக்கமும் வருகிறது.

ஆனால் வினா தீரவில்லை. பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு, மாதாவின் முகத்தைத் தேடி அந்நாள்களில் ஒரு தாய் முழந்தாளிடுகிறாள் எனக் கொள்வோம். 'இது கண்ணுக்கு நோன்பு' என்று அவளிடம் கூற நமக்கு உரிமை உண்டா? ஒறுத்தல் ஒருவர் தாமே ஏற்பது. பிறர்மேல் சுமத்தினால் அது வெறும் சுமை. மூடிய மாதாவும் அவளோடு துக்கம் காக்கிறாள் என்று சிலர் சொல்லக்கூடும். அழகான விடைதான். ஆயினும் அதைச் சொல்லத் தகுந்தவள் அவள் ஒருத்தியே. அவள் சார்பில் நாம் சொல்வது முறையாகாது.

நமக்கோ அத்துணி வேறொன்றைச் சொல்கிறது. சூசையப்பர் லீலி மலரை எந்தக் கையில் ஏந்தியிருக்கிறார்? ஆண்டாண்டாய் அவர்முன் மெழுகுதிரி ஏற்றிய நாம் துணி விழுந்த பின் நினைத்துப் பார்த்தால் விடை வருவதில்லை. நம்மிடமிருந்து துணி மறைத்தது அதிகமில்லை. பார்ப்பதை நாம் முன்பே நிறுத்தியிருந்தோம்.

அந்தத் தாய்க்கு ஒன்று மிஞ்சுகிறது. சிலுவைப் பாதை நிலைகளை மூடும் வழக்கம் இல்லை. பீடத்து மாதா மறைந்திருந்தாலும், பதின்மூன்றாம் நிலையில் மகனின் உடலை மடியில் ஏந்தியவள் முகம் மறையாமல் சுவரில் இருக்கிறாள்.