எவர் தயவும் வேண்டாமா?



ஒருவர் கையையும் எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்று நம் தாய் தகப்பன்மார் நமக்குச் சொல்லி வளர்த்தார்கள். நாமும் நம் பிள்ளைகளுக்கு அதையே சொல்லி வருகிறோம். நல்ல புத்திமதிதான். கடன்படாமல் வாழ்வதும், உழைத்துச் சாப்பிடுவதும் கிறிஸ்தவனுக்கு அழகு. ஆனால் இந்தப் புத்திமதியை எதுவரைக்கும் கொண்டு போகலாம்? ஒருவர் தயவும் இல்லாமல் வாழ மனிதனால் கூடுமா? கூடுமானாலும், அப்படி வாழ விரும்புவது புண்ணியமா, ஆங்காரமா? இந்த வாரம் இதைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

அமெரிக்க தேசத்தில் மாண்டானா, ஐடஹோ போன்ற மாகாணங்களில், பட்டணத்து வேலையையும் வீட்டையும் விட்டு, காட்டோரம் நிலம் வாங்கிக் குடியேறும் குடும்பங்கள் உண்டு. ஊர் மின்கம்பி அவர்கள் வீட்டுக்கு வராது. கூரைமேல் பதித்த சூரியத் தகடுகள் பகலில் மின்சாரம் தரும்; அதைப் பாட்டரிகளில் சேமித்து இரவில் விளக்கெரிப்பார்கள். சொந்தக் கிணறு, மழைநீர்த் தொட்டி, விறகடுப்பு, கோழி, ஆடு, காய்கறித் தோட்டம் எல்லாம் உண்டு. கோடையில் விளைந்ததைக் கண்ணாடிச் சாடிகளில் பக்குவப்படுத்தி, பனிக்காலத்துக்கென்று நிலவறையில் அடுக்கி வைப்பார்கள். பல வீடுகளில் பிள்ளைகளுக்குத் தாயே உபாத்தியாயர்.

இவர்களில் சிலர் தங்கள் சேமிப்பையும் பாங்கில் வைப்பதில்லை. பிட்காயின் என்னும் கணினி நாணயத்தில் வைக்கிறார்கள். அது கையில் பிடிக்கும் காசு அல்ல. உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே கணக்கேட்டின் பிரதியை வைத்துக்கொண்டு, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதைச் சரிபார்த்துப் பதிந்து வருகின்றன. அதற்கு அரசாங்க முத்திரையும் இல்லை. நடுவில் பாங்கும் இல்லை. ஏறக்குறையப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை புது நாணயங்கள் பிறக்கின்றன. ஆரம்பத்தில் தடவைக்கு 50 பிறந்தன. சுமார் நான்கு வருஷத்துக்கு ஒரு முறை அந்தத் தொகை பாதியாகி, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டக் கூடாதென்பது அதன் விதி. சூரியனை எந்த அதிகாரியும் அணைக்க முடியாது, இந்த நாணயத்தை எந்த அரசாங்கமும் இஷ்டம்போல் அச்சடிக்க முடியாது என்பதே இக்குடும்பங்களின் எண்ணம்.

இவர்களைக் கண்டு நகைப்பது சுலபம். நகைக்க வேண்டாம். 2008-ம் ஆண்டில் அமெரிக்காவின் பெரிய பாங்குகள் தங்கள் துணிகர வியாபாரத்தால் ஆட்டங்கண்டன. செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் என்னும் பெரிய ஸ்தாபனம் விழுந்தது. மற்றவற்றைத் தூக்கி நிறுத்த அந்நாட்டு அரசாங்கம் 70,000 கோடி டாலர் வரை ஒதுக்கிச் சட்டம் செய்தது. கடன் கட்ட முடியாமல் வீட்டைப் பறிகொடுத்த ஏழைகள் தெருவில் நின்றார்கள். அதே வருஷம் அக்டோபர் 31-ந் தேதிதான், சதோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரோடு பிட்காயின் திட்டம் வெளியாயிற்று. 2009 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. நமக்கும் இந்த மனக்கசப்பு புரியாததல்ல. 2016 நவம்பர் 8-ந் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டபின், பாங்கு வாசலில் கால் கடுக்க நின்றவர்கள் நம்மிலும் அநேகர்.

குடும்பம் தன் காலில் நிற்பது திருச்சபைக்கு விரோதமானதும் அல்ல. 1891-ம் ஆண்டில் 13-ம் சிங்கராயர் என்னும் பாப்பரசர், தொழிலாளி தன் கூலியில் மிச்சம் பிடித்து ஏதேனும் சொத்துச் சேர்த்துக்கொள்ள வழி இருக்க வேண்டுமென்று தம் நிருபத்தில் போதித்தார். 1931-ல் 11-ம் பத்திநாதர், சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய சமூகம் பிடுங்கிக்கொள்வது அநீதி என்று போதித்தார். ஆகையால் மண்ணைக் கொத்திப் பிழைப்பதிலோ, அதிகாரிக்கு அஞ்சாமல் வாழ விரும்புவதிலோ குற்றமில்லை.

பின் குற்றம் எங்கே நுழைகிறது? "இந்த நாணயத்துக்கு யாரையும் நம்ப வேண்டியதில்லை" என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அங்கேதான். எஜமானுக்கு அடிமையாகாமல் இருப்பது ஒன்று. சகோதரனே வேண்டாமென்பது வேறொன்று. முதலாவது சுயாதீனம். இரண்டாவது ஆங்காரம். இரண்டும் ஒரே உடுப்பில் வருவதால் நாம் ஏமாந்து போகிறோம்.

முதலில், அந்தப் பெருமை மெய்தானா என்று பாருங்கள். கூரைமேலுள்ள சூரியத் தகடுகள் எங்கோ உள்ள தொழிற்சாலைகளில், முகமறியாத தொழிலாளிகளின் கையால் ஆனவை. 1862-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்காவில் 160 ஏக்கர் நிலம் பெற்று, ஐந்து வருஷம் அங்கே குடியிருந்து உரிமையாக்கிக்கொண்ட பழைய குடியேறிகளைத் தனித்து நின்ற வீரர்கள் என்று புகழ்வார்கள். ஆனால் அந்த நிலத்தைக் கொடுத்தது அரசாங்கம். அதிலும் பெரும்பகுதி பூர்வ குடிகளிடமிருந்து பறித்தது. களஞ்சியம் எழுப்ப வேண்டுமானால் அக்கம்பக்கத்தார் சேர்ந்து வந்து தூக்கி நிறுத்த வேண்டும். இன்றைக்கும், முழங்காலளவு பனி விழுந்த இரவில் மனைவிக்குப் பிரசவ வேதனை கண்டால், அந்தக் காட்டு வீட்டுக்காரன் யாரை அழைப்பான்? பாட்டரியையா?

நாணயத்தின் கதையும் அப்படியே. பிட்காயினைத் தன் வசமே வைத்திருப்பவனுக்குத் திறவுகோல் வழக்கமாக 12 அல்லது 24 சொற்கள். அவற்றைத் தொலைத்தவனுக்கு அந்தப் பணத்தை மீட்டுத்தர எந்த அதிகாரியும் இல்லை. அவற்றை ஒருவருக்கும் சொல்லாமல் அவன் கண்ணை மூடினால், விதவைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு காசும் மிஞ்சாது. சொல்லிவிட்டால்? அப்போது மனைவியை நம்பியாக வேண்டும். ஆக, யாரையும் நம்பாத நாணயம் கடைசியில் ஒரு பெண்ணின் நேர்மையில் வந்து ஒதுங்குகிறது. 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலருக்கு விற்ற அதே நாணயம், மறுவருஷம் நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே இறங்கிற்று. விதி மாறவில்லை, வாங்குவோர் மனம் மாறியது. மற்றொருவன் கைநீட்டி வாங்கினால்தான் எந்தக் காசும் காசு. நம் பாஷையில் காசுக்கும் நாணயம் என்றே பெயர், நேர்மைக்கும் நாணயம் என்றே பெயர். நம் முன்னோர் அறியாமலா வைத்தார்கள்?

வனத்து அந்தோனியாரும் ஊரைவிட்டுப் போனவர்தானே என்று கேட்பீர்கள். ஆம். ஆனால் அவர் போன விதத்தைக் கவனியுங்கள். கோவிலில் சுவிசேஷம் வாசிக்கக் கேட்டு, தம் நிலங்களை ஊராருக்குக் கொடுத்தார். மற்ற ஆஸ்தியை விற்று ஏழைகளுக்குப் பங்கிட்டார். பின்புதான் வனம் போனார். சேர்த்து வைக்கப் போகவில்லை, கொடுத்துவிட்டுப் போனார். கிறிஸ்தவர்களுக்குத் துன்பம் வந்த காலத்தில் வனத்தைவிட்டு அலெக்சாந்திரியா நகருக்கு வந்து வேதசாட்சிகளைத் தைரியப்படுத்தினார். அர்ச். பசீலியாரோ, தனியாக வாழ விரும்பியவர்களைப் பார்த்து, நீ யாருடைய பாதங்களைக் கழுவுவாய் என்ற கருத்தில் கேட்டார். சேசுநாதர் சுவாமி செய்து காட்டிய அந்தத் தாழ்ச்சியை, ஆளில்லாத காட்டில் எப்படிச் செய்வது?

இன்னும் ஆழமான காரியம் ஒன்றுண்டு. சர்வேசுரன் நம் இரட்சணியத்தையே ஒருவர் கையிலிருந்து ஒருவர் பெறும்படி ஏற்படுத்தினார். ஆபத்து வேளையில் எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆனால் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள எவராலும் முடியாது. பாப்பரசரும் வேறொரு குருவின் முன் முழந்தாளிட்டே பாவசங்கீர்த்தனம் செய்கிறார். சாகும் வேளையில் அவஸ்தைப் பூசுதல் பெறவும் மற்றொருவர் கை வேண்டும். தயவு வேண்டாமென்பவனுக்கு மோட்ச வாசலில் என்ன வேலை? அங்கே நுழைகிற எல்லோரும் தயவால் நுழைகிறவர்களே.

நாம் காட்டுக்குப் போகவில்லை. பிட்காயின் வாங்கவுமில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டாம். காம்பவுண்டு சுவரை உயர்த்திக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் ஒரு கை உப்பு கேட்கவும் கூசுகிற நாம், அந்தக் காட்டு வீட்டுக்காரனைவிட அதிகத் தனியாக வாழ்கிறோம். துக்க வீட்டில்கூட உதவி வாங்கிக்கொண்டால் பட்டபாடு தீராதென்று பயப்படுகிறோம். கொடுக்கச் சம்மதிக்கிறோம், வாங்க மட்டும் வெட்கம். கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே என்று நம் மனம் கணக்குப் போடுவதால் வந்த வெட்கம் அது.

ஆகையால், தாய் தகப்பன்மாரே, உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துக் கற்பியுங்கள். ஒருவருக்கும் பாரமாய் இராதே. ஆனால் ஒருவர் சுமக்க வரும்போது தள்ளிவிடாதே. உங்கள் சேமிப்பு எங்கே, எப்படி இருக்கிறதென்று இன்றிரவே உங்கள் மனைவிக்கோ கணவனுக்கோ சொல்லிவையுங்கள். இந்த வாரத்தில் ஒரு நாள், நீங்கள் இதுவரை ஒன்றும் கேட்டிராத அயலாரிடம் போய், மெய்யாகவே உங்களுக்குத் தேவையான சிறு உதவி ஒன்றைக் கேளுங்கள். கொடுக்கிற புண்ணியம் அவருக்கும் கிடைக்கட்டும். நாசரேத்தூரில் தம் கைகளால் உழைத்த அர்ச். சூசையப்பர், பெத்லேகேமில் இடம் கேட்டு வாசல் வாசலாக நின்றவருங்கூட என்பதை மறவாதிருப்போமாக.