கல்லும் கல்பும்



சூரத்துல் பகராவின் 74ஆம் ஆயத்தை நாம் எத்தனையோ தடவை ஓதியிருக்கிறோம். பனீ இஸ்ராயீல்களின் உள்ளங்கள் இறுகிப் போனதை அல்லாஹுத்தஆலா அங்கே கூறுகிறான். அவை கல்லைப் போன்றவை, இல்லை, கல்லைவிடவும் கடினமானவை என்கிறான். ஏனெனில் கற்களிலும் ஆறு பீறிட்டு ஓடும் கல் இருக்கிறதாம். பிளந்து நீர் கசியும் கல்லும் இருக்கிறதாம். ரப்பின் அச்சத்தால் மேலிருந்து உருண்டு விழும் கல்லும் இருக்கிறதாம்.

மதரஸாவில் ஹஜ்ரத் இதற்குப் பொருள் சொன்ன காலத்தில் எங்கள் மண்டையில் ஏறவில்லை. கடையில் வளர்ந்த பிள்ளைகளான எங்களுக்குக் கல் என்றால் தராசில் வைக்கும் எடைக்கல்தான். அதிலிருந்து ஆறு எப்படி ஓடும்?

பெருநாள் வியாபாரம் முடிந்து கடையில் கூட்டம் குறைந்த நாட்களில், வியாபாரிகள் நால்வர் சேர்ந்து லோம்போக் தீவுக்குப் போய் வந்தோம். இந்தோனேசியாவில் பாலித் தீவுக்குக் கிழக்கே, கடல் கடந்து அடுத்தாற்போல் உள்ள தீவு அது. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விமானத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். அங்குள்ள சாசாக் மக்களில் பெரும்பாலோர் நம் தீனைச் சேர்ந்தவர்கள். ஆயிரம் பள்ளிவாசல் தீவு என்றே அதற்குப் பெயர். உல்லாசப் பிரயாணிகள் பெரும்பாலும் பாலியோடு நின்றுவிடுவார்கள். லோம்போக் வருகிறவர்களிலும் அநேகர் கடற்கரையோரமுள்ள மூன்று சின்னஞ்சிறு கீலித் தீவுகளில் குளித்துவிட்டுத் திரும்புகிறார்கள். தீவின் உட்பக்கத்தை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

உட்பக்கம் என்றால் அது ரிஞ்சானி மலைதான். 3,726 மீட்டர் உயரம். இந்தோனேசியாவின் எரிமலைகளில் இரண்டாவது உயரமானது. அதன் வயிற்றில், ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில், செகாரா அனாக் என்ற நீல ஏரி இருக்கிறது. மலாய் தெரிந்த நமக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை, கடலின் பிள்ளை. அந்த ஏரிக்குள்ளேயே பாருஜாரி என்று இன்னொரு சின்ன எரிமலை முளைத்திருக்கிறது. 2015லும் 2016லும் கூட அது புகையையும் சாம்பலையும் கக்கியது. நாங்கள் மேலே ஏறவில்லை. எங்களில் இருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குச் சர்க்கரை. மலையடிவாரத்தையே சுற்றி வந்தோம்.

வடக்கு அடிவாரத்தில் செனாரு என்ற ஊர். அங்கிருந்து காட்டு வழியாக, ஓடையைக் கடந்து, முழங்காலளவு தண்ணீரில் கல்லைப் பிடித்துக்கொண்டு நடந்தால் தியு கெலெப் என்னும் அருவி வரும். கரும்பாறையின் மேலிருந்து நீர் விழுகிற வேகத்தில் திவலைகள் புகையாய்ப் பறக்கின்றன. நின்ற இடத்திலேயே சட்டை நனைந்துவிட்டது. அந்த அருவிக்குப் பின்னால் ஒருமுறை போய் வந்தால் ஒரு வயது குறையும் என்று ஊரார் சொல்வது வழக்கம். எங்களில் ஒருவர் நான்கு முறை போய் வந்தார். வேடிக்கைக்காகத்தான், அவருடைய ஈமானில் குறைவொன்றுமில்லை. இரவெல்லாம் தும்மினார். வயது அப்படியே இருக்கிறது.

அதைவிட எங்கள் வாயை அடைத்தது தெற்கு அடிவாரத்தில், ஆயிக் பெரிக் என்ற கிராமத்துப் பக்கம் உள்ள பெனாங் கெலாம்பு. கெலாம்பு என்றால் கொசுவலை. அருவி என்றால் மேலே ஓர் ஆறு இருக்க வேண்டுமல்லவா? இங்கே மேலே ஆறே இல்லை. பாறையின் பக்கவாட்டிலிருந்தே ஊற்று கசிந்து, செடிகொடிகளுக்கு ஊடாக நூல் நூலாக இறங்கி, பச்சைக் கொசுவலை கட்டினாற்போல் தொங்குகிறது. அதிகச் சத்தம் கிடையாது. ஹாஜியார் கையிலிருந்த தஸ்பீஹை உருட்டுவதை நிறுத்திவிட்டு, “பிளந்து நீர் கசியும் கல் இதுதானப்பா” என்றார். அப்பொழுதுதான் அந்த ஆயத்து எங்கள் நெஞ்சில் தட்டியது. ஆறு ஓடும் கல்லை முதல் நாளே செனாருவில் பார்த்துவிட்டோம், அறியாமல் பார்த்தோம்.

மூன்றாவது கல்லை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. 2018 ஜூலை 29 அன்று அந்தத் தீவில் நிலம் அதிர்ந்தது. ரிஞ்சானியின் சரிவுகள் இடிந்து பாறைகள் உருண்டன. மலையேறப் போயிருந்த 500க்கு மேற்பட்டோர் இறங்க வழியின்றி மேலே சிக்கிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 5 அன்று அதனினும் பெரிது வந்தது, 6.9 என்ற அளவில். இஷாத் தொழுகை நேரம். லாடிங் லாடிங் என்ற ஊரில் பள்ளிவாசலே தொழுதவர்கள் மீது விழுந்தது. அந்த அதிர்ச்சிகளில் 500க்கும் அதிகமானோர் மவுத்தானார்கள்.

இதைக் கேட்டதும் நம்மில் சிலர், “என்ன பாவம் செய்தார்களோ” என்று சொல்லிவிடுகிறோம். கடைக்குள் உட்கார்ந்துகொண்டு அல்லாஹ்வின் தீர்ப்பை எழுத நமக்கு யார் பேனா கொடுத்தார்கள்? இடிபாட்டில் சிக்கி இறந்த முஃமின் ஷஹீதுகளில் ஒருவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். கல் ரப்பை அஞ்சி விழுந்தது என்றால், நாம் கேட்க வேண்டியது விழுந்த வீட்டுக்காரனைப் பற்றி அல்ல. விழாமல் நிற்கிற நம் நெஞ்சைப் பற்றி.

அந்த மலை ஒருமுறை இதைவிடப் பெரிதாக வெடித்தது. 1257ஆம் ஆண்டு, ரிஞ்சானியை ஒட்டியிருந்த சமாலாஸ் என்னும் சிகரமே சிதறிப் போயிற்று. பாமாத்தான் என்ற பட்டணம் புதைந்ததாக அந்நாட்டு ஓலைச்சுவடியில் எழுதியிருக்கிறது. அதன் கந்தகத் தடம் கிரீன்லாந்துப் பனியிலும் தென் துருவப் பனியிலும் இருந்தும், எந்த மலையிலிருந்து வந்ததென்று விஞ்ஞானிகளுக்கு நெடுங்காலம் தெரியவில்லை. 2013இல்தான் லோம்போக் என்று கண்டறிந்து எழுதினார்கள்.

அந்த அழிவிலிருந்து அல்லாஹ் கொடுத்த ரிஸ்கையும் வியாபாரிகளான நாம் கவனிக்க வேண்டும். அன்று விழுந்த கல் தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல். அதைத் தோண்டி மூட்டை கட்டி அயல்நாட்டுக்கு அனுப்புகிறார்கள், ஜீன்ஸ் துணியைப் போட்டு உரசி வெளுக்க வைப்பதற்கு. நம் ஜவுளிக் கடைகளில் தொங்கும் கால்சட்டைகளில் எது அந்தக் கல்லில் புரண்டதோ! கிழக்கே செம்பலுன் பள்ளத்தாக்கில் எரிமலைச் சாம்பல் மண்ணில் வெள்ளைப் பூண்டு பயிரிடுகிறார்கள். பல் சிறிது, காரம் பெரிது. மளிகைக்காரர் ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டு விலையை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். தெற்கே தஞ்சோங் ஆன் கடற்கரையில் மணல் மணலாக இல்லை, மிளகு மிளகாக இருக்கிறது. சின்னஞ்சிறு கடல் பிராணிகளின் ஓடுகளாம் அவை. கையில் அள்ளினால் அளந்து கொடுக்கத் தோன்றும்.

இனி நாங்கள் சொல்ல வந்த விஷயம். செனாருவில் அருவிக்குப் போகும் வழியில் ஒரு நடுவயதுப் பெண்மணியின் கோப்பிக் கடை. 2018இல் வீடு தரைமட்டமாகி, தார்ப்பாய்க் கூடாரத்தில் பல மாதம் இருந்ததாகச் சொன்னார். நான்கு கோப்பியும் அவித்த வாழைப்பழமும் தந்தார். எங்களிடம் பெரிய நோட்டுகளே இருந்தன, அவரிடம் சில்லறை இல்லை. “பரவாயில்லை பாக் ஹாஜி, திரும்பி வரும்போது தாருங்கள்” என்று கை கழுவப் போய்விட்டார். எங்கள் பெயர் கேட்கவில்லை, ஒரு தாளில் குறித்துக்கொள்ளவும் இல்லை. வேறு வழியாகக்கூட நாங்கள் இறங்கிப் போயிருக்கலாம்.

சகோதரர்களே, எங்கள் கடையில் ஒரு பற்றேடு இருக்கிறது. அதில் ஒரு பக்கம் ஒரு பாசார் மாலம் வியாபாரியுடையது. எங்களிடம் துணி எடுத்து இரவுச் சந்தையில் விற்பவர். 2020இல் நோய்த்தொற்றினால் சந்தைகள் மூடியபோது 3,200 வெள்ளி பாக்கி நின்றது. மறு வருஷம் அவர் வீட்டு வாசலுக்கே போய், பிள்ளைகள் கேட்கச் சத்தமாகக் கேட்டோம். கொடுக்க முடியாதவனுக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும், விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்று அதே சூரத்துல் பகராவின் 280ஆம் ஆயத்தில் இருப்பது அன்றும் எங்களுக்கு மனப்பாடம்தான். மனப்பாடம் வேறு, கல்பு வேறு. அவர் அதன்பின் எங்கள் கடை வீதியிலேயே நடப்பதில்லை.

ஊர் திரும்பிய வார ஜும்ஆவுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனோம். எங்களைக் கண்டதும் அவர் மகன் உள்ளே ஓடினான். அது எங்கள் முகத்தில் அறைந்தது. நாங்கள் கேட்டது மன்னிப்பு, அவரோ பணம் பற்றிப் பேசினார். பாதியை ஹலாலாக விட்டுவிட்டோம். மீதிக்குத் தேதி போடவில்லை. முழுவதையும் விட மனம் வரவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் கல்லில் அவ்வளவுதான் இப்போது கசிந்திருக்கிறது. மீதிக்காக நீங்கள் துஆ செய்யுங்கள். உங்கள் பற்றேடுகளிலும் அப்படி ஒரு பக்கம் இருந்தால் இந்த வெள்ளிக்கிழமை அதைத் திறந்து பாருங்கள்.

லோம்போக் போக விரும்புவோர் மழை குறைந்த மே முதல் அக்டோபர் வரையுள்ள மாதங்களில் போவது நலம். அருவி வழிகளில் பாசி வழுக்கும், நல்ல செருப்பு வேண்டும். சில்லறை நோட்டுகள் நிறைய மாற்றிக்கொண்டு போங்கள்.

வஸ்ஸலாம்.