கொலைகாரனும் கொலையுண்டவனும்

என் கதை ஒன்றைப் படித்துவிட்டு ஓர் அம்மாள் கடிதம் எழுதியிருந்தார். "கொலை செய்தவனுக்காக என்னை அழ வைத்துவிட்டீர்கள். அழுது முடித்த பிறகு எனக்கு என் மீதே கோபம் வந்தது, உங்கள் மீதும்தான். இப்படிச் செய்வது நியாயமா?" என்று கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான்.

கொலைகாரனைக் கதாநாயகனாக்கிச் சிறுகதை எழுதுகிறவனுக்கு இடம் குறைவு. நாவலாசிரியன் அவனைத் தொட்டிலிலிருந்து தொடங்கி வளர்க்கலாம். சிறுகதைக்காரனுக்குப் பத்துப் பக்கம். அதற்குள் அவனை நம் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துப் பேச வைக்க வேண்டும். கையில் ரத்தத்தோடு எழுப்பி அனுப்பவும் வேண்டும். முறுக்கு மீசையும் சிவந்த கண்ணும் நாடகக் கொட்டகையோடு போயின. கொலை செய்யப் போகிறவனும் அன்று காலையில் பல் துலக்குகிறான், பால் வாங்குகிறான், சில்லறை பாக்கிக்காகக் கடைக்காரரிடம் முணுமுணுக்கிறான். 'இவன் நம்மைப் போன்றவன் அல்லவா!' என்று வாசகர் நினைத்துவிட்டால் பாதிக் கதை முடிந்தது. இதெல்லாம் எழுத எழுதக் கைக்கு வந்துவிடும்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கொலைகாரன் மீது இரக்கம் வரவழைக்க மிகச் சுலபமான வழி, செத்தவனைக் கெட்டவனாக்கிவிடுவது. அவன் வட்டிக்காரன், குடிகாரன், பெண் பித்தன் என்று நாலு வரி எழுதினால் போதும். வாசகரே அரிவாளை எடுத்துக் கொடுத்துவிடுவார். செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறான்?

கதையில் மட்டும் நடக்கிற காரியமல்ல இது. 1952 ஆகஸ்டில், சென்னையிலிருந்து புறப்பட்ட இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் ரயிலில் இருந்த ஒரு டிரங்குப் பெட்டியை மானாமதுரையில் திறந்து பார்த்தார்கள். உள்ளே தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. ஆளவந்தார் கொலை வழக்கு என்று ஊரெல்லாம் பேசிய வழக்கு அதுதான். குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அந்த மனைவியிடம் ஆளவந்தார் எப்படி நடந்துகொண்டார் என்பது வழக்கின் முக்கியமான பேச்சாயிற்று. 1953-ல் தீர்ப்பு வந்தது. தூக்கில்லை; கணவனுக்கு ஏழு ஆண்டு, மனைவிக்கு மூன்று ஆண்டு. தீர்ப்பளித்த நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயரும் ஓர் எழுத்தாளர். ஆங்கிலத்தில் கதைகளும் நாடகங்களும் எழுதியவர்.

தீர்ப்பு சரியா தவறா என்று சொல்ல நான் யார்? என் மனத்தை உறுத்துவது இன்னொன்று. இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெட்டியைப் பற்றிப் பேசுவார்கள், தலையைப் பற்றிப் பேசுவார்கள், அந்த மனிதரின் நடத்தையைப் பற்றிச் சுவையாகப் பேசுவார்கள். அவருக்கும் ஒரு மனைவி இருந்தார். வீடு திரும்பாத கணவரைத் தேடி அலைந்தவர், உடலை வந்து அடையாளம் காட்டியவர். அந்த அம்மாளிடம் வந்ததும் கதை சொல்லுகிறவர்களுக்கு அவசரம் வந்துவிடுகிறது.

1866-ல் வெளிவந்த 'குற்றமும் தண்டனையும்' நாவலில் தாஸ்தாயெவ்ஸ்கி இந்தக் கண்ணியை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். ரஸ்கோல்னிகோவ் கொல்லத் திட்டமிட்டது அடகுக்காரக் கிழவியை மட்டும். அவள் யாருக்கும் வேண்டாதவள்; அவள் செத்தால் உலகத்துக்கு நஷ்டமில்லை என்று அவன் கணக்குப் போடுகிறான். நாமும் ஏறக்குறைய தலையாட்டிவிடுகிறோம். அந்தச் சமயம் பார்த்து லிஸவேதா உள்ளே வந்துவிடுகிறாள். கிழவியின் தங்கை, அக்காளிடம் அடியும் உதையும் பட்டவள், எப்போதோ இதே ரஸ்கோல்னிகோவின் சட்டையைத் தைத்துக் கொடுத்தவள். அவளையும் அதே கோடரியால் வெட்டுகிறான். அவன் கணக்கு அங்கே கிழிந்து போகிறது. லிஸவேதா வராமலிருந்தால் அது புத்திசாலித்தனமான நாவலாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த அம்மாளுக்கு நான் எழுத நினைக்கும் பதில் இதுதான்: கொலைகாரனுக்காக நீங்கள் அழுததில் தவறில்லை. செத்தவனுக்காகவும் அழ இடம் வைத்திருக்கிறேனா என்று பாருங்கள். வைக்காமலிருந்தால் என்மீது கோபித்துக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இப்போது ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இடம், எங்கள் மாடம்பாக்கந்தான். ஏரிப் பாசனத்தில் ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம், இப்போது மனைக்கட்டு. அண்ணன், தம்பி. அண்ணன் தம்பியைக் கொன்றுவிடுகிறான். தாம்பரம் பக்கத்தில் நிலத்துக்கு விலை ஏறிய இந்த நாளில், பட்டாவைத் தம்பி திருட்டுத்தனமாகத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான் என்று எழுதினால் எல்லோரும் நம்புவார்கள். கதையும் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும்.

எழுதவில்லை. தம்பி தன் பங்கைத்தான் விற்றான். பெண்ணின் காலேஜ் சம்பளத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் விற்றான். அண்ணனுக்குத் தாங்கவில்லை. அப்பா ஏர் ஓட்டிய மண் என்கிறான். அது பொய்யுமல்ல, தன் பங்கை விற்கத் துணிவில்லாதவனின் பொறாமையும் அதில் கலந்திருக்கிறது. இரண்டும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதைப் பிடிக்கத்தான் மூன்று வாரமாகத் திணறுகிறேன்.

அன்று மாலை தம்பி எதற்காக அண்ணன் வீட்டுக்கு வருகிறான் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. சமாதானம் பேச அல்ல, சண்டைக்குமல்ல. கூரையில் ஓடு மாற்ற இரவல் கொடுத்திருந்த ஏணியைத் திரும்பக் கேட்க வருகிறான். அண்ணன் எடுத்துத் தருவதாகச் சொல்லி உள்ளே போகிறான். போலீஸ் வந்து போன பிறகும் ஏணி சுவரில் சாய்ந்தபடி இருக்கிறது. அதை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை.