தோற்றவரின் கைதட்டல்

நம்மை வென்றவரின் திறமையை, வென்ற அக்கணத்திலேயே மனமுவந்து போற்றுதல் இயலுமா? இயலுமெனில் அது கடமையா, பெருந்தன்மை மட்டுமா? இவ்வினா எழும்போதெல்லாம், 1972ஆம் ஆண்டு ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் நடைபெற்ற உலகச் சதுரங்கப் போட்டி என் நினைவுக்கு வருகிறது.

சோவியத் நாட்டின் போரிஸ் ஸ்பாஸ்கி அப்போது உலக வாகையர். அமெரிக்கரான பாபி பிஷர் முதல் ஆட்டத்தில் தோற்றார். இரண்டாம் ஆட்டத்திற்கு வரவேயில்லை. மூன்றாவதைப் பார்வையாளர் இல்லாத தனியறையில் ஆட வேண்டும் என்றார். ஸ்பாஸ்கி அதற்கும் இசைந்தார்; அதில் தோற்றார்.

ஜூலை 23ஆம் நாள் ஆறாம் ஆட்டம். புள்ளிகள் சமநிலையில் இருந்தன. வெள்ளைக் காய்களுக்குரியவராகும்போது அரசனுக்கு முன்னுள்ள சிப்பாயை இரு கட்டம் நகர்த்தித் தொடங்குவதே பிஷரின் நெடுநாள் வழக்கம். அன்று அவர் சி4 கட்டத்திற்கு ஒரு சிப்பாயை நகர்த்தினார். சில நகர்வுகளில் ஆட்டம் 'குயின்ஸ் காம்பிட்' எனும் தொடக்கமாக உருமாறியது. ஸ்பாஸ்கி தமக்குப் பழகிய டார்டகோவர் தற்காப்பை மேற்கொண்டார். எதிர்பாராததைச் செய்வது வஞ்சகமன்றோ என்று என் பேரன் கேட்டதுண்டு. எல்லாக் காய்களும் இருவர் கண்முன் நிற்கும் பலகையில் வஞ்சகத்திற்கு இடமேது? 41 நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது. அரங்கம் கைதட்டிற்று. தோற்ற ஸ்பாஸ்கியும் உடன் கைதட்டினார்.

அப்போட்டியில் பிஷர் முதன்முறையாக முந்தியது அன்றுதான். முடிவில் 12½–8½ என வென்று பட்டத்தையும் கொண்டார். அவரது நடத்தையோ பிறரை வருத்துவதாகவே இருந்தது. ஆகவே ஸ்பாஸ்கி கைகட்டி அமர்ந்திருந்தால் எவரும் குறை கூறியிரார். கடமை என்று சொல்ல எனக்கும் நா எழவில்லை. ஆனால், நன்றெனத் தன் அறிவு கண்டதைக் காணாதது போல் முகம் காட்டுவதும் ஒருவகைப் பொய்யன்றோ? வாய் திறவாமலே கூறும் பொய்.

மாணவரைப் பாராட்டும் முறையை ஆசிரியப் பயிற்சியில் கற்றவள் நான். ஆயினும் ஒருநாள், கரும்பலகையில் நான் போட்ட கணக்கிற்கு இன்னும் எளிய வழியொன்றை ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து கூறினாள். சரியென்று அக்கணமே அறிந்தேன். "உட்கார்" என்றேன். மறு ஆண்டு முதல் அவள் வழியையே என் வழியாகக் கற்பித்தேன்.

2025இல் ஸ்பாஸ்கி மறைந்த செய்தியைப் படித்த அன்று, அவர் இழந்த பட்டம் எனக்கு நினைவில் எழவில்லை. அமர்ந்து புத்தகத்தைத் திறந்துகொண்ட அச்சிறுமியின் முகமே எதிரே நின்றது.